சின்ன இறால், ஓகேயா?

ஒரு பெண்ணின் வேலை என் பொய்யால் போனது. அவர் செய்யாத பிழைக்காக, நிறைந்திருந்த ஒரு சாப்பாட்டுக் கடையின் நடுவில், நான் அவரைக் கத்தி ஏசினேன். பிழை என்னுடையது என்பது கத்தும்போதே எனக்குத் தெரியும்.

இத்தனை வாரங்களாக இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் என்னை ஓரளவு நல்லவனாகவே காட்டி வந்திருக்கிறேன். நாடு விட்டு வந்தவன், தொழிற்சாலையில் நின்றவன், பிள்ளைகளைப் படிப்பித்தவன். நீங்களும் அன்போடு கடிதம் எழுதுகிறீர்கள். இந்த வாரம் எழுதாதீர்கள். "பரவாயில்லை ஐயா, வயதானால் கோபம் வருவது இயல்புதானே" என்று யாராவது எழுதினால் எனக்கு இன்னும் கோபம் வரும்.

சிவப்பு முக்காலி

மெல்பேர்ணின் தென்கிழக்கில், ரெயில் நிலையத்துக்கு எதிர்ப்புறம், தென்சீனத்துக் கன்ரனீஸ் தெருச் சாப்பாட்டுக் கடை ஒன்று. பெயர்தான் தெருச் சாப்பாடு. கடை இருப்பது கண்ணாடிக் கதவுக்குள், குளிரூட்டியின் கீழ். மடக்கு மேசை, சிவப்பு பிளாஸ்ரிக் முக்காலி, விளிம்பு உதிர்ந்த எனாமல் தட்டு. அந்தத் தட்டுகளை விளிம்பு உதிர்ந்த மாதிரியே புதிதாகச் செய்து விற்கிறார்களாம்.

உள்ளே போனதும் முகத்தில் அடிப்பது இரும்புச் சட்டியில் எண்ணெய் புகையும் மணம். அதற்குப் பின்னால் இஞ்சி. அதற்கும் பின்னால், காய்ந்த கடல் பண்டம் ஒன்றின் மெல்லிய உவர் வாடை. அந்த வாடையை நான் கவனித்தேன். கவனிக்கவில்லை என்று சொல்லி ஒளிக்க விரும்பவில்லை.

என்னோடு வந்தவர்கள் இரண்டு பேர். என் மனைவி கமலா. என் மகளின் மாமனார் சிவகுருநாதன். சம்பந்தி சிட்னியிலிருந்து எங்களிடம் வந்திருந்தார். ஊரில் சட்டத்தரணியாக இருந்தவர். பிறந்ததிலிருந்து மச்சம், மாமிசம் தொடாதவர். முட்டை கூட இல்லை. ஹெலன்ஸ்பர்க் கோயிலில் விசேஷம் என்றால் காலை ஆறு மணிக்கே காரில் போய் நிற்பார். பௌர்ணமி நாட்களில் ஒரு நேரம்தான் சாப்பிடுவார்.

அன்று பௌர்ணமி. அந்த ஒரு நேரச் சாப்பாட்டைத்தான் நான் அந்தக் கடையில் கொடுக்கப் போனேன்.

"விரதகார மனுசனைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போறியளோ? நான் வீட்டில சமைக்கிறன்" என்று கமலா காலையிலேயே சொன்னாள். நான் கேட்கவில்லை. காரணம் சிறியது, வெட்கப்பட வேண்டியது. முதல் நாள் விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் சம்பந்தி சிரித்துக்கொண்டு கேட்டார்: "முப்பது வருசத்துக்கு மேல மெல்பேர்ணில இருக்கிறியள். எங்கட ஆக்களின்ர கலியாணம், செத்தவீடு தவிர்த்து வேறெங்கையாவது போய் இருந்து சாப்பிட்டிருக்கிறியளோ?"

பகிடிதான். எனக்குச் சுட்டது. நாளைக்கு இவருக்குக் காட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

காட்டினேன். தேத்தண்ணிக் கேத்தலின் மூடியைச் சரித்து வைத்தேன். "இப்பிடி வைச்சா, வந்து நிரப்பிவிடுவினம். வாய் திறக்கத் தேவையில்லை." நிரப்பியதும் இரண்டு விரலால் மேசையில் தட்டினேன். "இது நன்றி சொல்லுறது." சம்பந்தி புருவத்தை உயர்த்திப் பார்த்தார். அந்தப் புருவம் உயர்ந்தது எனக்குத் தேனாக இருந்தது.

தேத்தண்ணி நிரப்பியவர்தான் அந்தப் பெண். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கட்டையாக வெட்டிய தலைமயிர், கறுப்பு ஏப்ரன். ஆங்கிலம் எண்ணிக் கொடுத்த மாதிரி வரும்.

நான் படத்தைத் தொட்டுக் காட்டினேன். முள்ளங்கியை அரிசி மாவோடு அவித்து, துண்டு போட்டு, சட்டியில் வாட்டுகிற பலகாரம். "சோய்" என்றேன். "எல்லாம் சோய்."

சோய் என்றால் கன்ரனீஸில் மரக்கறி. அந்தச் சொல்லை எடுத்து மேசையில் வைத்ததில் எனக்கு எவ்வளவு பெருமை!

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சம்பந்தியின் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார். "ஜாய்?" என்று கேட்டார்.

எனக்கு அந்தச் சொல் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "சோய், சோய்" என்று கையை வீசினேன்.

அவர் போகவில்லை. இரண்டு கைகளையும் சேர்த்துக் கும்பிட்டுக் காட்டினார். "ஜாய்?" இது என்ன வேடிக்கை என்று நினைத்தேன். சம்பந்தி என்னிடம் ஏதோ வழக்குக் கதை சொல்லத் தொடங்கியிருந்தார். நான் அவர் பக்கம் திரும்பிவிட்டேன்.

அப்போது அந்தப் பெண் ஆங்கிலத்திலேயே, தெளிவாக, கேட்டார்: "சின்ன இறால், ஓகேயா?"

காதில் விழுந்தது. சொல்லாக விழுந்தது, பொருளாக விழவில்லை. "ஓகே, ஓகே" என்றேன், முகத்தைத் திருப்பாமல்.

டண்டினொங்கில் படித்த பாடம்

சோய் என்ற சொல்லை எனக்குக் கற்பித்தவன் கியூங். நான் வந்த புதிதில் டண்டினொங்கில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் நின்றேன். பொறியியல் படிப்பைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு இரும்புத் தகட்டுக்குத் துளை போட்டேன். பக்கத்து இயந்திரத்தில் கியூங், கன்ரனீஸ் பேசுபவன். மதிய இடைவேளையில் அவன் கொண்டுவரும் பன்றி இறைச்சிச் சோற்றில் பாதி எனக்கு, என் சோற்றில் பாதி அவனுக்கு. கேத்தல் மூடி, இரண்டு விரல், எல்லாம் அவன் தந்தவை.

ஒருநாள் நான் வெறும் கத்தரிக்காய்க் குழம்பும் சோறும் கொண்டுபோனேன். கியூங் எட்டிப் பார்த்து, "சோய்" என்றான். நான், "ஓம், இன்று சோய்" என்றேன்.

எங்கள் பேச்சில் மரக்கறி என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு வேலை. கத்தரிக்காயும் மரக்கறி, மச்சம் கலவாத சாப்பாடும் மரக்கறி. "இண்டைக்கு நாங்கள் மரக்கறி" என்றால் வீட்டுக்கு ஆட்டிறைச்சி கொண்டுவந்தவன் பேசாமல் திரும்பிப் போவான். ஆகவே சோய் என்றால் அதுவும்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அவர்களுக்கு அது வெறும் காய், வெறும் கீரை. கீரைக்குள் இறால் போட்டாலும் அது சோய்தான். விரதச் சாப்பாட்டுக்கு அவர்களிடம் வேறொரு சொல் இருந்தது.

அந்தச் சொல்லைத்தான் அந்தப் பெண் இரண்டு தரம் என் முன்னால் வைத்தார். கும்பிட்டும் காட்டினார். ஒரு சொல் தெரியாமல் போனது குற்றமில்லை. தெரியாது என்று சொல்லாமல் விட்டதை அப்படி நான் சொல்ல மாட்டேன்.

அதே தொழிற்சாலையில் நடந்த இன்னொன்றையும் இங்கே எழுத வேண்டும். ஒருநாள் ஃபோர்மன் தப்பான அளவைத் தாளில் எழுதித் தந்தான். நான் அந்த அளவுக்கே துளை போட்டேன். தகடுகள் வீணாகின. மேலாளர் வந்ததும், ஃபோர்மன் என்னைப் பார்த்து, "இவங்களுக்கு எண்ணே வாசிக்கத் தெரியாது" என்று கத்தினான். தாள் என் சட்டைப்பையில் இருந்தது. எடுத்துக் காட்டவில்லை. வேலை போய்விடுமே என்ற பயம். இயந்திரங்கள் நின்றிருந்தன, எல்லோரும் கேட்டார்கள். அவன் கழுத்தில் இருந்த சிவப்பு மறு வரைக்கும் இன்றும் நினைவிருக்கிறது.

ஆகவே எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். அப்படி நிற்பது எப்படி இருக்கும் என்று அந்தக் கடையில் என்னைவிட நன்றாக யாருக்கும் தெரிந்திருக்காது.

கைத்துடைக் கடதாசியில்

பலகாரம் வந்தது. வெளியே முறுகல், உள்ளே பஞ்சு. சம்பந்தி இரண்டு துண்டு சாப்பிட்டார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். மூன்றாவது துண்டில் மெல்லுவதை நிறுத்தினார். வாய்க்குள் விரலை விட்டு எதையோ எடுத்து, கைத்துடைக் கடதாசியில் வைத்தார். நகத்துண்டு அளவு. இளஞ்சிவப்பு. வளைந்திருந்தது.

"சம்பந்தி, இதென்ன?"

"இறால்" என்றாள் கமலா.

அவர் முகம் மாறியதை நான் குறைத்து எழுதக் கூடாது. எழுபத்தெட்டு வருடம் காத்த ஒன்று, ஒரு பௌர்ணமி மதியம், என் வீம்பால் போனது. எழுந்து நின்றார். "நீங்கள் மரக்கறி எண்டு சொன்னனீங்களோ, இல்லையோ?"

ஒரே ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். "சம்பந்தி, அவ கேட்டவ, நான்தான் கவனிக்கேல்லை." அவ்வளவுதான்.

"மூண்டு தரம் சொன்னனான்!" என்றேன்.

சொன்னதை நிரூபிக்க வேண்டுமே. அந்தப் பெண்ணைக் கைதட்டிக் கூப்பிட்டேன். நன்றிக்கு இரண்டு விரல் தட்டியவன், இப்போது இரண்டு கையாலும் தட்டினேன். ஆங்கிலத்தில் கத்தியதைத் தமிழில் தருகிறேன்: "மூன்று தரம் சொன்னேன்! இவர் விரதம்! உங்களுக்கு விரதம் என்றால் என்னவென்று தெரியுமா? கண்டது நின்றது எல்லாம் தின்கிற ஆட்கள் நீங்கள்!"

கடை அமைதியானது. சட்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

"கேட்டேன்" என்றார் அவர். "சின்ன இறால் என்று கேட்டேன்."

"பொய்!" என்றேன்.

கமலா என் சட்டைக் கையைப் பிடித்தாள். "இஞ்சாருங்கோ, அவ கேட்டவதானே..."

"நீர் சும்மா இரும்."

முதலாளி ஓடி வந்தார். இளம் ஆள். அந்தப் பெண்ணிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மன்னிப்புக் கேள் என்றார். அந்தப் பெண் ஏப்ரனில் கையைத் துடைத்துவிட்டு, சம்பந்தியைப் பார்த்துத் தலை குனிந்து, "ஐயாம் சொறி" என்றார். என்னைப் பார்க்கவில்லை. குசினிக்குள் போனார். பிறகு எங்கள் மேசைக்கு வேறு ஆள் வந்தார்.

புறப்படும்போது முதலாளி ஒரு பெட்டி நிறைய முட்டைத் தார்ட், முட்டையில் செய்த சின்ன இனிப்புப் பலகாரம், தந்தார், இலவசமாக. முட்டையும் தொடாத மனிதருக்குச் சமாதானம் முட்டைத் தார்ட்! கோபப்படக் கூட ஒருவருக்கும் தோன்றவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோனோம். பேரப்பிள்ளைகள் தின்றார்கள். நானும் இரண்டு தின்றேன். மிக நன்றாக இருந்தது.

கைதட்டு

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் அருவருப்பு. அந்தக் கதை என் முக்கியமான கதையாகிவிட்டது. பிறந்தநாள் வீடுகளில், "அங்கிள், அந்தச் சைனீஸ் கடைக் கதையைச் சொல்லுங்கோ" என்பார்கள். நான் எழுந்து நின்று, அந்தப் பெண்ணின் ஆங்கிலத்தைப் பழித்துக் காட்டுவேன். சிரிப்பு வெடிக்கும். "நல்லாக் குடுத்தியள் அங்கிள், அவையளுக்கு அப்பிடித்தான் குடுக்க வேணும்!"

இந்த நாட்டில் எங்கள் ஆங்கிலத்தைப் பழித்தவர்களைப் பற்றி அதே வீடுகளில், அதே கதிரைகளில் இருந்து கண்ணீர் விட்டிருக்கிறோம். அதே வாய்கள். ஒருவருக்கும் உறைக்கவில்லை. கதை சொன்ன எனக்கே உறைக்கவில்லை.

கமலா மட்டும் ஒவ்வொரு முறையும் எழுந்து குசினிக்குப் போய்விடுவாள். சாப்பாடு பார்க்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

பல மாதங்கள் கழித்து ஒருநாள், சந்தையிலிருந்து வந்து பையை மேசையில் போட்டாள்.

"ஸ்பிரிங்வேலில, மரக்கறிக் கடையில கீரை கட்டிக்கொண்டு நிக்கிறா."

"ஆர்?"

"ஆரெண்டு தெரியாதோ? வீடு வீடாப் போய் நடிச்சுக் காட்டுறியள். அவதான். பெயர் கொனி. அண்டைக்கே வேலையால நிப்பாட்டிப்போட்டாங்களாம்."

பையிலிருந்து ஒரு கீரைக் கட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"அவ கேட்டது எனக்குக் கேட்டது. உங்களுக்கும் கேட்டது. நானும் அண்டைக்கு வாயை மூடிக்கொண்டிருந்திட்டன். நான் இண்டைக்கு அவவிட்டச் சொல்லிப்போட்டு வந்திட்டன். இனி உங்கட பாடு."

மெதுவாக ஏன்?

போனேன். வெங்காயத்தாளுக்கும் கங்குங் கீரைக்கும் நடுவில், நீலக் கையுறையோடு நின்றார். பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். கை நிற்கவில்லை: ஒரு பிடி கீரை, ஒரு றப்பர் வளையம், அடுத்த பிடி.

பக்கத்தில் போய், யாருக்கும் கேட்காத குரலில், தயாரித்து வந்ததைச் சொன்னேன். நீங்கள் கேட்டீர்கள். நான் கவனிக்கவில்லை. பிறகு பொய் சொன்னேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

அவர் கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அன்றைக்குச் சத்தமாக. இன்றைக்கு ஏன் மெதுவாக?"

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. குரலை உயர்த்தினேன். கீரை பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். முழுவதையும் மறுபடி சொன்னேன்.

முடிந்ததும் தலையை ஆட்டினார். "இங்கே இல்லை. இங்கே யாருக்கும் நான் பிழையான ஆளில்லை. அங்கே போய்ச் சொல்."

வீட்டுக்கு வந்து முதலில் சம்பந்திக்குத் தொலைபேசி எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப நீர் எனக்குப் பொய் சொன்னனீர்."

பிள்ளைகளின் கலியாணத்திலிருந்து என்னை 'நீங்கள்' என்றே பேசியவர். அன்றுதான் 'நீர்' வந்தது.

"ஓம்."

"அந்த மனுசி என்னட்டயல்லோ மன்னிப்புக் கேட்டவ. நானும் பெரிய ஆள் மாதிரி வாங்கிக்கொண்டு நிண்டனான்." பிறகு, "இதை ஏன் இப்ப கிண்டுறீர்? முடிஞ்சது முடிஞ்சதுதானே. என்ர மகன்ர காதில போட வேண்டாம்" என்று வைத்துவிட்டார். முதல் வசனத்தில் அவரை மதித்தேன். இரண்டாவதில் அந்த மதிப்பு போனது. ஆனால் அவரைக் கோபிக்க எனக்கு என்ன தகுதி? அதற்குப் பிறகு மெல்பேர்ண் வந்தால் எங்கள் வீட்டில் தண்ணீர் மட்டும் குடிக்கிறார்.

மறுபடியும் முட்டைத் தார்ட்

அடுத்த சனி, மதியம், அதே நேரம். கமலாவும் வந்தாள். கடை நிறைந்திருந்தது. அதே மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். உரத்த குரலில் சொன்னேன்: "இந்தக் கடையில் வேலை செய்த கொனி என்ற பெண்ணை நான் இங்கே வைத்துப் பொய்யாகக் குற்றம் சாட்டினேன். அவர் மூன்று தரம் சரியாகக் கேட்டவர். நான்தான் பொய் சொன்னேன்."

சிலர் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். ஒரு இளைஞன் தொலைபேசியைத் தூக்கிப் படம் பிடித்தான். ஒரு தாய் பிள்ளையைத் தன் பக்கம் இழுத்தாள். அன்றைக்குக் கத்தியவனை எல்லோரும் நம்பினார்கள். இன்றைக்கு உண்மை சொல்பவனைப் பைத்தியம் என்று பார்த்தார்கள்.

முதலாளி என் முழங்கையைப் பிடித்தார். "சேர், பிளீஸ். பழைய கதை. மறந்துவிடுங்கள்." ஒரு பையனுக்குக் கண்ணைக் காட்டினார். ஒரு பெட்டி வந்தது. முட்டைத் தார்ட்.

"அவரை வேலைக்குத் திரும்பக் கூப்பிடுங்கள்" என்றேன்.

"கூப்பிடுகிறேன், கூப்பிடுகிறேன். இதை எடுத்துக்கொள்ளுங்கள், சேர்."

சத்தம் போடும் கிழவனுக்கு அந்தக் கடையில் ஒரே மருந்துதான். பொய்க்கும் அதே பெட்டி, உண்மைக்கும் அதே பெட்டி. மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

நேரே ஸ்பிரிங்வேலுக்குப் போனோம். கொனிக்கு விஷயம் ஏற்கெனவே போயிருந்தது.

"அவன் போன் எடுத்தான். வா என்றான். வரமாட்டேன் என்றேன்."

"ஏன்?" என்று கேட்டேன்.

"நீ கவனிக்கவில்லை. அவன் கேட்கவில்லை." ஒரு பிடி, ஒரு றப்பர். "நீ வாடிக்கையாளன். போய்விடுவாய். அவனிடம் நான் ஆறு வருடம் வேலை செய்தேன்."

கமலா மெதுவாகக் கேட்டாள்: "ஜாய் என்றால் என்ன?"

கொனி கையுறையைக் கழற்றினார். சந்திர மாதத்தில் முதலாம் நாளும் பதினைந்தாம் நாளும் மச்சம் இல்லை என்றார். இறைச்சி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை. அவருடைய தாய் இந்த விரதம் இருந்தவர், அவரும் இருக்கிறார்.

பதினைந்தாம் நாள் என்றால் முழுநிலா. கமலா அதை விரலில் எண்ணிப் பார்க்கவில்லை. தேவையில்லை.

"அன்றைக்கும்?" என்று கேட்டாள்.

"அன்றைக்கும். காலையிலிருந்து சோறும் தோஃபுவும் மட்டும்."

உங்களுக்கு விரதம் என்றால் என்னவென்று தெரியுமா என்று நான் கத்தியபோது, அந்தக் கடையில் விரதம் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் மேசையில். மற்றவர் என் முன்னால், ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு.

கொனி இப்போது முதல்முறையாக என் முகத்தை நேரே பார்த்தார். "நீ ஜாயா?"

"இல்லை."

"அன்றைக்கு?"

"இல்லை. நான் எல்லாம் சாப்பிடுவேன்."

"கண்டது நின்றது எல்லாம்?"

"எல்லாம்."

கொனி திரும்பினார். பிறகு பக்கத்தில் கீரை கட்டிக்கொண்டிருந்த மற்றப் பெண்ணிடம் கன்ரனீஸில் ஏதோ சொன்னார். அந்தப் பெண் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். கையிலிருந்த கீரை ஆடும்படி சிரித்தார்கள். பிறகு கொனி கையுறையை மாட்டிக்கொண்டு அடுத்த பிடியை எடுத்தார். என்னோடு பேச வேண்டியது அவருக்கு முடிந்துவிட்டது.

காருக்குள் ஏறி இருந்தோம்.

"என்ன சொல்லிச் சிரிச்சவை?" என்று கேட்டேன். "எனக்கு விளங்கேல்லை."

"எனக்கு விளங்கினது" என்றாள் கமலா.